பழசுக்குப் பழசு

அன்புள்ள மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த வேண்டாத சாமான்களையெல்லாம் வெளியேற்றினோம். இப்போது வீட்டுக்குள் நடக்க இடமில்லை. நானும் உன் அக்காவும் நலம். நீ நலமா என்று நான்கு வருடமாகக் கேட்கவில்லை, அத்தனையையும் சேர்த்து மொத்தமாக இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா எங்கேயோ ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு வந்தாள். ஒரு வருடமாகக் கை படாத சாமான் வீட்டில் இருந்தால் மனசிலும் குப்பை சேருமாம். நேராகப் பரணில் ஏறி, நான் சேர்த்து வைத்திருந்த மூடிகளை ஒவ்வொன்றாகக் கீழே போட ஆரம்பித்தாள்.

"இதுக்கெல்லாம் பாத்திரம் எங்க?"

"வரும்."

"எப்ப?"

"வியாபாரத்துல அவசரப்படக் கூடாது."

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த மூடிகளைப் பார்க்கிறேன். சாமான் அடைச்சதுல பின்கதவு எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு."

சரி என்று எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, 'இலவசம்' என்று அட்டையில் எழுதி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் தள்ளி நின்று தன் மனைவியிடம், "ஏதோ கோளாறு இருக்கு. இல்லன்னா இந்தப் பாத்திரக்கடைக்காரர் சும்மா தருவாரா?" என்றது என் காதில் விழுந்தது. தொழில் மானம் போய்விட்டது மச்சான். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, நம் கடையில் சொல்வது போலவே, "பழசு கொடுத்துட்டு எடுத்துக்கலாம்" என்றேன். அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. பழைய பாத்திரத்தை வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்துத்தானே நீயும் நானும் ஆளானோம், கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூடிகளைத் தள்ளிவிட்டு, தையல்காரரின் சக்கரமில்லாத தையல் மெஷினைப் பிடித்தேன். நம் ஓட்டை டிரங்குப் பெட்டிக்கு அடுத்த வீட்டுப் பல் டாக்டரின் மீன் தொட்டி வந்தது, கீழே ஒழுகும், ஆனால் கண்ணாடி கனமான கண்ணாடி. பிறகு ஒரு கிளிக்கூண்டு. கிளி இல்லை, கதவும் திறக்காது. ஒவ்வொரு பேரத்திலும் லாபம் எனக்குத்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

குளித்துவிட்டு வந்த உன் அக்கா கூடத்தைப் பார்த்தாள்.

"நம்ம குப்பை எங்க?"

"எல்லாம் போச்சு."

"அப்ப இது?"

"தெருவோட குப்பை. ஆனா நல்லா அடிச்சுப் பேசி வாங்கினது."

கிளிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள், மூலையில் சுழல் நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நாம் கடையைப் பிரித்தபோது சரக்கிலா தகராறு வந்தது, வாடிக்கையிலா வந்தது, கல்லாவுக்குப் பின்னால் கிடந்த இந்தச் சனியனில்தானே வந்தது. நீ முறைத்துக்கொண்டு போனாய், நான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன், அன்று முதல் துவைத்த துணிதான் அதில் உட்கார்ந்திருக்கிறது.

"இதை மட்டும் ஏன் தள்ளிவிடலை? தையல்காரர் கேட்டது குளிக்கிற எனக்கே காதுல விழுந்துச்சே."

"அது உன் தம்பியோட நாற்காலி, அவருக்கு எப்படித் தர்றது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. "என் தம்பி படியேறாத வீடு சுத்தமா இருந்தா என்ன, குப்பையா இருந்தா என்ன" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போய்விட்டாள். இரண்டு நாளாக இதே முகம்தான். ஆகவே நீ வந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போ. நான் தோற்றுவிட்டதாக நினைக்காதே, இடம் வேண்டும், அவ்வளவுதான். விலை எதுவும் இல்லை. ஒரு சக்கரம் கத்தும், உட்காரும்போது இடப்பக்கம் சாயும். பின்னால் குறை சொல்லக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இனி இந்த வீட்டுக்குள் ஒரு துரும்பும் வராது, இருப்பதும் ஒவ்வொன்றாகப் போகும்.

உன் மனைவியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் கடை நன்றாக ஓடட்டும், என் கடைக்கு அடுத்தபடியாக.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: எழுதியதை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "நாற்காலியை எடுத்துட்டுப் போயிட்டா, அப்புறம் எதைச் சாக்கு வச்சு இங்க வருவான்?" என்றாள். ஆகவே மேலே சொன்ன எதுவும் செல்லாது. மீன் தொட்டியை நகர்த்தி, நாற்காலியை ஜன்னலோரம் போட்டாயிற்று. நாங்கள் பேசி முடித்தது இதுதான்: நாற்காலி உன்னுடையது, இருப்பது எங்கள் வீட்டில், ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து நீதான் அதில் உட்கார வேண்டும். சக்கரத்துக்கு எண்ணெய் என் செலவு. வரும்போது வெறும் கையோடு வா. பழசு எதையும் எடுத்து வந்துவிடாதே, நான் வாங்கிவிடுவேன்.