விவரம் விட்ட ஒரு வரி

உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய மனிதர் இந்தத் தீவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ‘விவரம்’ என்று பெயர். ஐந்து ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தேன். அதில் நான்கரை ஆண்டுகள் பொறாமையிலேயே கழிந்தன.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் பென்டிரைவைச் செருகினால், ‘நான் இன்னார், என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது’ என்று அது தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆனால் அதை வரவேற்கிற யூஎஸ்பி கன்ட்ரோலர் சிப்புக்குள் ஊமையாக உட்கார்ந்திருக்கும். அது எந்த முகவரியில் இருக்கிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எத்தனை கிளாக் துடிப்பு வேண்டும் என்றெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்தால்தான், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குத் தெரியும். என்னென்ன எழுத வேண்டும் என்று வரையறுக்கும் கோப்புக்கு பைண்டிங் என்று பெயர். அதை எழுதி, உலகமே படிக்கிற ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள், அங்கே அப்படிக் குறை கண்டுபிடிப்பார்கள்.

என் முதல் பைண்டிங் ஏழு முறை திரும்பி வந்தது. டிரைவர் என்கிற மென்பொருளுக்கு என்ன வேண்டும் என்று எழுதாதே, ஹார்ட்வேரில் என்ன இருக்கிறது என்று எழுது என ஏழு விதமாகத் திட்டியிருந்தார்கள். விவரம் வேலைக்குச் சேர்ந்த மாதமே ஒன்றை அனுப்பினார். மறுநாளே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் மேனேஜர் அம்மையார் கேக் வாங்கி வந்தார். என்னுடையது ஒருவழியாகத் தேறியபோது “ஃபைனலி” என்று மட்டும் சொன்னவர் அவர்.

விவரம், செம்பவாங் கப்பல் பட்டறைக்கு எலெக்ட்ரீஷியனாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கப்பலின் வயிற்றுக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் குறித்தே பழகியவர். பகுதி நேரமாகப் படித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். குறிக்கிற பழக்கமும் கூடவே வந்தது.

தேக்கா சந்தையில் தேநீர் வாங்குவதற்குக்கூட அவர் பைண்டிங்தான் எழுதுவார். ஒரு கப், டின் பால், சீனி கிடையாது, கப்பில் கைப்பிடி ஒன்று, சூடு குறையக் கூடாது. வரிசை பின்னால் வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் கடைக்காரர் பொறுக்க முடியாமல், “தே சி கொசோங்னு சொன்னா முடிஞ்சிரும்லா” என்று, டின் பால் ஊற்றிய சீனியில்லாத தேநீரின் உள்ளூர்ப் பெயரைச் சொன்னார். “அதுல கைப்பிடி வரலையே அண்ணே” என்றார் விவரம். கடைக்காரர் கோபப்படுவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவரோ மறுநாளிலிருந்து கைப்பிடி வைத்த கண்ணாடிக் கப் ஒன்றை இவருக்கென்றே தனியாக எடுத்து வைத்தார். பதினைந்து வருஷ வாடிக்கையாளனான எனக்கு இன்றைக்கும் காகிதக் கப்தான்.

என் வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். சலவை இயந்திரம் மூன்று மாதமாகத் தண்ணீரைக் கக்குகிறது என்று என் மனைவி சொன்னாள். என்ன சத்தம், எந்த நேரத்தில், எந்த மூலையில் என்று அவர் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் குனிந்து பார்த்து, ஒரு குழாயைத் திருகி இறுக்கினார். தண்ணீர் நின்றது. அன்று மாலை முழுக்க என் மனைவி ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: “நீங்க இப்படி ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

இப்படி வெந்துகொண்டிருந்தவனுக்குத்தான் அந்தப் புதையல் கிடைத்தது. புதிய சிப் ஒன்றின் யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு அவர் எழுதி அனுப்பிய பைண்டிங்கை, தவறு கிடைக்காதா என்று வரிவரியாகப் படித்தேன். கிடைத்தது. அந்த கன்ட்ரோலருக்கு இரண்டு கிளாக் துடிப்பு வேண்டும். ஒன்று வேலை செய்ய, இன்னொன்று தூக்கத்திலிருந்து எழுப்ப. இரண்டாவதை அவர் எழுதவே இல்லை. மின்னஞ்சல் குழுவில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை. உலகத்தின் முன்னால் அவர் ஒருமுறையாவது விழட்டும் என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நன்றாகப் பசித்தது.

நான்காவது வாரம் ஏதோ ஒரு நாட்டிலிருந்து காட்டமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. கருவி தூங்கினால் யூஎஸ்பி எழுவதே இல்லை, பைண்டிங்கில் ஒரு கிளாக்கைக் காணோம், இதற்குப் பொறுப்பானவர் தூங்கிக்கொண்டிருந்தாரா என்று கேட்டிருந்தார்கள். சந்தோஷமாக மின்னஞ்சலின் மேல்பகுதிக்குப் போய், யாருக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். எனக்கு.

ஒவ்வொரு பைண்டிங்கின் தலையிலும் அதைப் பராமரிப்பவர்களின் பெயர் இருக்கும். விவரம் அதில் முதலில் என் பெயரையும், அதற்குக் கீழே தன் பெயரையும் போட்டிருந்தார். குறை தேடிப் படித்த நான் அந்த இரண்டு வரிகளை மட்டும் படிக்காமல் தாண்டியிருக்கிறேன்.

என் பெயரை ஏன் போட்டீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

“அந்த சிப்பைப் பத்தி உங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தானே அண்ணே எழுதினேன்? ஆபீஸ்ல உங்க அளவுக்கு அதைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?” என்றார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு” என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “எனக்கு அது முன்னாடியே தெரியும். மூணு வாரமா தெரியும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையின் பக்கம் திரும்பி, விடுபட்ட வரியைச் சேர்த்துத் திருத்தம் எழுத ஆரம்பித்தார். தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கும் பகுதி வந்ததும் கை நின்றது.

“மூணு வாரத்தையும் எழுதணுமா அண்ணே?”

இந்த மனிதர் எழுதிவிடுவார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“சரி, விடுங்க. அது ஹார்ட்வேர்ல இல்ல” என்று சொல்லிவிட்டு அனுப்பினார். பிறகு தேநீர் குடிக்கப் போனோம். அவர் தன் தேநீரை விவரித்து முடிப்பதற்குள் வரிசையில் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் முனகினார்கள். முதல்முறையாக அது எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் அவர் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மாறிப்போனார். அங்கே அவருக்குப் பக்கத்து மேசையில் யாரோ ஒருவர் இப்போது வெந்துகொண்டிருப்பார். அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.