நீலக் கதவுக்கு மூன்றரை மணி வெயில்

இந்தப் பயணத்தில் ஒரு கதவைக்கூடப் படம் எடுப்பதில்லை என்று மெக்கானிக் தன் மனைவியின் தையல் மெஷின் மேல் கையை வைத்துச் சொன்னார். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் போனில் அந்த நீலக் கதவைக் காட்டித் தொலைத்துவிட்டார்.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, மறுபடி மூடுகிற வேலை. லீவு நாளிலாவது மனுஷன் கதவு இல்லாத திசையில் பார்க்கலாம் இல்லையா? பார்க்க மாட்டார். எந்த ஊருக்குப் போனாலும் கதவுதான். தேக்குக் கதவு, தகரக் கதவு, குனிந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற குட்டைக் கதவு, ஒருபக்கம் உளுத்தும் இன்னொரு பக்கம் மிடுக்காகவும் நிற்கிற இரட்டைக் கதவு. இப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு கதவுகள் அவர் காமிராவில் குடியிருந்தன. அத்தனையிலும் தேடினால் அவர் மனைவி ஒரே ஒரு படத்தில் அகப்படுவாள். அதிலும் முழங்கை மட்டும்.

"எங்க சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தாரு. சித்தி உடம்பு தேவலையான்னு கேட்டேன். ரெண்டு பக்கமும் பித்தளைக் குமிழ், நல்ல வேலைப்பாடுங்கறாரு" என்று அவள் துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கதவு விஷயத்தில் மெக்கானிக்குக் கறாரான சில கொள்கைகள் உண்டு. கதவு மூடியிருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. முக்கியமாக, இருப்பதை இருந்தபடி எடுக்க வேண்டும். படியில் காய்ந்த இலை கிடந்தால் கிடக்கட்டும். பூனை படுத்திருந்தால் அதுவாக எழுந்து போகும்வரை காத்திருப்பார். "கைய வச்சா பொய்யாயிடும்" என்பார். வீட்டில் ஒரு தட்டை நகர்த்தி வைக்கச் சொன்னாலும் இதே பதில்தான்.

இந்தத் தடவை மனைவியின் அக்கா வீட்டுக்கு நாலு நாள் வந்திருந்தார்கள். கடைசி நாள் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. அவர்களுடைய பெண் குட்டிக்கு ஆறு வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. பள்ளிச் சீருடைகள் தைக்கக் குவிந்து கிடக்க, மெஷினை மூடி வைத்துவிட்டு அவள் கிளம்பியதே அந்தக் கடலுக்காகத்தான். மறுநாள் விடிந்தால் ஊருக்கு ரயில். இன்றைக்கு விட்டால் குட்டிக்குக் கடல் இல்லை.

கடலுக்குப் போகும் வழியில், ஒரு பழைய ஊரில் இறங்கி பஸ் மாற வேண்டும். நீலக் கதவு இருந்ததும் அந்த ஊரில்தான். மூன்றரை மணிக்கு அதன்மேல் நேர் வெயில் விழும் என்று போன் காட்டினவர் சொல்லியிருந்தார். அவர்கள் போய் இறங்கியபோது பன்னிரண்டுகூட ஆகவில்லை. மெக்கானிக் பஸ்ஸை விசாரித்து வருகிறேன் என்று ஒரு தூணுக்குப் பின்னால் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கடலுக்கு நாலு மணிக்குத்தான் பஸ்ஸாம்."

"நாளெல்லாம் ஒரே பஸ்ஸா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"யார் சொன்னா?"

"அதோ, அவரு."

"எவரு?"

"சட்டை போட்டவரு."

அவள் பஸ் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் சட்டை போட்டிருந்தார்கள்.

"சரி, நாலு மணி வரைக்கும் என்ன பண்றது?"

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு, இப்படிக் காலாற ஒரு தெரு நடந்துட்டு வரலாமே."

"காலாறவா, காமிராவாறவா?"

"காமிரா பாட்டுக்குக் கழுத்துல தொங்குது. கழட்டி எங்க வைக்கறது?"

நாலு மணிக்கு ஏறினால் நாலரைக்குக் கடல். இருட்டும்வரை குட்டி ஆடலாம். கதவும் ஆச்சு, கடலும் ஆச்சு, யாருக்கு நஷ்டம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தற்செயலாகத் திரும்புகிற மாதிரி மூன்று தடவை திரும்பி, அந்தச் சந்துக்குள் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கதவு நின்றது. எத்தனையோ பூச்சு கண்ட நீலம். அங்கங்கே உரிந்து அடியில் வேறொரு நீலம் எட்டிப் பார்த்தது. வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். மேல்சட்டத்தில் இரண்டு மீன்கள் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு இருந்தன. மெக்கானிக் வைத்த கண் எடுக்காமல் பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது வேறு கதை.

"அம்மா, ஒண்ணுக்கு" என்றாள் குட்டி.

மனைவி விறுவிறுவென்று போய் அந்த நீலக் கதவையே தட்டினாள்.

"ஏம்மா, அந்தக் கதவை விட்டுட்டு வேற எதையாவது தட்டேன்" என்று அவர் கெஞ்சுவதற்குள் கதவு திறந்தது. வாட்டசாட்டமான ஓர் அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். "கொழந்தைக்கா? உள்ள வாம்மா. நீயும் வா, இந்த வெயில்ல ஏன் நிக்கறே" என்றாள். தாயும் மகளும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

மெக்கானிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கதவு மூடியாச்சு. பெண்டாட்டி பிள்ளை நிழலில் உட்கார்ந்தாச்சு. எதிர்ச் சுவரோரம், பையிலிருந்த காமிரா முக்காலியை விரித்துக் காமிராவை ஏற்றினார்.

கால் மணி கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. மனைவியின் தலை மட்டும் தெரிந்தது.

"ஏங்க, எத்தனை மணிக்கு வெயில் வருது?"

வசமாக மாட்டிக்கொண்டார். "மூணரைக்கு."

"அதுவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. அப்படித்தானே?"

"திறந்தா எல்லாம் போச்சு."

"யாரும் இந்த வழியா வெளிய வரக் கூடாது?"

"வரக் கூடாது."

"நான்கூடவா?"

"நீதான் முக்கியமா வரக் கூடாது. நானே வந்து தட்டினாலும் திறக்காதே."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' என்று சொன்னதே இல்லை. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே முக்காலியை மடக்கியிருப்பார்கள். மெக்கானிக், பாவம், சந்தோஷப்பட்டார்.

சந்து முனையில் ஒரு சலூன் இருந்தது. ஆள் வராத நேரம். சலூன்காரர் சீப்பைக் காதில் சொருகிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"வீடு விலைக்கு வருதா?"

"இல்லீங்க. கதவைப் படம் எடுக்கறேன்."

"அப்ப எடுக்க வேண்டியதுதானே?"

"வெயில் வரணும்."

"கதவுக்கா? எனக்கு வந்துடுச்சே, என்னை எடுங்களேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, எந்த ஊருக்குப் போறீங்க?"

"கடலுக்கு. நாலு மணி பஸ்ஸுல."

"நாலு மணி எதுக்கு? அரை மணிக்கு ஒண்ணு போகுதே."

"மெதுவாப் பேசுங்க" என்று மெக்கானிக் பதறி நீலக் கதவைப் பார்த்தார். கதவு அசையவில்லை. சலூன்காரர் அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தானும் கல்யாணமானவர் என்பதால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஒரு பூனை வந்து படியில் படுத்தது. அது எழுந்து போக முக்கால் மணி ஆயிற்று. அது போன பிறகுதான் இருவரும் கவனித்தார்கள், நீலக் கதவின் இரண்டு பாதிகளும் சேரும் இடுக்கில், குமிழ்களுக்கு நடுவே, ஒரு சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏதோ சீட்டு சொருகியிருக்கே. எடுத்துப் பாருங்க."

"தொடக் கூடாதுங்க. இருக்கறது இருந்தபடி இருக்கணும்."

"உங்களுக்குன்னு இருந்தா?"

"இந்த ஊர்ல எனக்கு யாருங்க சீட்டு எழுதுவா? பால்காரருக்கோ தபால்காரருக்கோ எழுதியிருப்பாங்க." கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு. கதவு ஏதோ சொல்ல வர்ற மாதிரி இல்லே?"

"இருக்கும்" என்ற சலூன்காரர், யாரோ முகச்சவரத்துக்கு வந்தார்கள் என்று போய்விட்டார்.

மெக்கானிக் நின்றார். ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார். பசித்தது. உள்ளே மனைவி சாப்பிட்டிருப்பாள், தனக்கும் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பசியோடு நின்றார். வெயில் சுவரிலிருந்து இறங்கி, மீன்களைத் தொட்டு, குமிழ் குமிழாகக் கீழே வந்தது. மூன்றரைக்குக் கதவு மொத்தமும் தீப்பிடித்த மாதிரி ஒளிர்ந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நாற்பது படம் எடுத்தார். பத்தே நிமிஷம். பிறகு நிழல் ஏறிவிட்டது.

காமிராவின் சின்னத் திரையில் ஒரு படத்தை வைத்துப் பெரிதாக்கினார். மீன்கள் துல்லியம். குமிழ்கள் துல்லியம். இன்னும் பெரிதாக்கினார். சீட்டும் துல்லியம். சிவப்புப் பென்சில் எழுத்து. துணிக்கு அளவு குறிக்க மனைவி வைத்திருக்கிற சிவப்புப் பென்சில். அளவு நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள்.

'ஒரு மணி பஸ்ஸில் கடலுக்குப் போகிறோம். அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறதாம். பாவம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்த வழியாக யாரும் வரக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் பின்வாசல் வழியாகப் போகிறோம். இந்த வீட்டு அக்காவும் கூட வருகிறார். இதைப் பார்த்ததும் வந்துவிடுங்கள். காத்திருக்கிறோம்.'

மெக்கானிக் படியில் உட்கார்ந்துவிட்டார். முன்னூற்றுப் பன்னிரண்டு கதவு எடுத்த மனுஷனுக்கு, ஒரு வீட்டுக்குப் பின்வாசல் என்று ஒன்று இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"பின்வாசலா?" என்றார், சவரம் முடித்துத் திரும்பி வந்து திரையை எட்டிப் பார்த்த சலூன்காரர். "இந்த வரிசையில எல்லா வீட்டுக்கும் உண்டே. நேரா பஸ் நிக்கற இடத்துலதான் கொண்டுபோய் விடும்."

அவர் எழுந்து ஓடலாமா என்று யோசிப்பதற்குள் சந்து முனையில் குட்டி வந்தாள். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முட்டி வரைக்கும் மணல். பின்னால் அவள் அம்மா. அவளுடைய புடவைக் கரையும் ஈரம்.

"அப்பா, ஒவ்வொரு பஸ்ஸுலயும் நீ வர்றியான்னு பாத்தேன். நாலு பஸ் பாத்தேன். நீ வரவே இல்ல."

மனைவி திட்டுவாள் என்று மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள்.

"படம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார், ஈனஸ்வரத்தில்.

"சீட்டைப் பாக்கலையா?"

"பாத்தேன். தபால்காரருக்குன்னு நெனச்சேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குலுங்கி முடிந்ததும், "சரி, சாப்ட்டுட்டுக் கிளம்புங்க. இன்னும் வெளிச்சம் இருக்கு. உங்களுக்குக் கடலைக் காட்டாம ஊருக்கு வர மாட்டேன்னு இவ ஒரே அடம்" என்றாள்.

போனார்கள். குட்டி அவர் கையைப் பிடித்துக் கடலை ஓரம் ஓரமாகச் சுற்றிக் காட்டினாள், ஏதோ அவள் வாங்கிப்போட்ட இடம் மாதிரி. மெக்கானிக் அன்று அதற்கப்புறம் காமிராவைத் தொடவே இல்லை.

ஊருக்கு வந்ததும் அவளே அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, தையல் மெஷினுக்கு மேலே மாட்டினாள். சீட்டோடுதான். அளவு கொடுக்க வருகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதன் எதிரே போய் நின்றுவிடுகிறார்கள். அவ்வளவு நேரம் எந்தக் கதவையும் யாரும் பார்த்து மெக்கானிக் கண்டதில்லை. போன வாரம் ஒருத்தி மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெக்கானிக்குப் பெருமை தாங்கவில்லை. மெல்லப் பக்கத்தில் போய், "மூணரை மணி நேரம் கால் கடுக்க நின்னு எடுத்ததுங்க" என்றார்.

"அப்படியா" என்றாள் அவள் திரும்பாமலே. "எழுத்து முத்து முத்தா இருக்கு. யாரு எழுதினது?"