மூடிக்குள் வைத்த குங்குமம்

எனக்குக் கோபம் அதிகம். அதில் பாதி ஊரார் மேல். மீதி, ஆறு வருடத்துக்கு முன்பிருந்த என் மேல்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் என் அண்ணனுக்கு ஒரு கிணறு. மேட்டில் இருந்த சாயப்பட்டறையின் கழிவு இறங்கி, தண்ணீர் நீலமாகிவிட்டது. தக்காளி கருகியது. புகார் கொடுத்தால் பட்டறைக்காரர், "இதைச் சுத்தம் பண்ண வழியே கெடையாதுங்க" என்று கையை விரித்தார். வந்த அதிகாரி, "வழி இருந்தா காட்டுங்கம்மா, அவரைச் செய்ய வைக்கிறேன்" என்றார்.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. என் வேலையே அதுதான். காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைத்து, கூடவே குட்டி மின்னல் மாதிரி பிளாஸ்மாவைப் பாய்ச்சினால் சாயம் சிதைந்துபோகும். கருவியைக் காரில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். (பேராசிரியரிடம் கெஞ்சிய கதை தனி.)

எங்கள் வீட்டில் மோட்டார், டிராக்டர், மிக்ஸி எதுவும் பொட்டு வைக்காமல் ஓடாது. அதிகாரி பார்த்தால் சிரிப்பாரே என்று, மகா புத்திசாலியான நான், கருவி மூடியின் உள்பக்கத்தில் குங்குமத்தைக் குழைத்து அப்பினேன். ஒட்டியிருப்பதை உதறி எடுப்பதுதான் அந்த ஒலியின் குணம் என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தவளும் நான்தான். (அறிவுகெட்ட முண்டம்.)

கிணற்று மேட்டில் அதிகாரி, பட்டறைக்காரர், பாதி ஊர். கிணற்றுத் தண்ணீரைக் கருவியில் ஊற்றி ஓட்டினேன். நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி நிமிடத்தில், அதிர்விலும் ஈரத்திலும் இளகிய குங்குமம் மொத்தமாகக் கழன்று விழுந்தது. குழாயைத் திறந்தேன். சிவப்பாகக் கொட்டியது.

பட்டறைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "நான் நீலமாத்தாங்க வுட்டேன். செவப்பாக்குனது இந்தம்மா."

விட்டேன் என்று அந்த ஆள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார்! அதை எழுத அதிகாரியின் பேனாவில் மை இல்லை. 'சோதனை தோல்வி' என்று எழுத மட்டும் இருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுகிறேன் என்று கெஞ்சினேன். ஜீப் கிளம்பிவிட்டது. பிறகு ஓட்டினேன். தண்ணீர் தெளிவாக வந்தது. பார்க்க அண்ணன் மட்டும்தான் இருந்தான்.

இன்றும் வீட்டு விசேஷத்தில் குங்குமத் தட்டு என் பக்கம் வந்தால் அண்ணி மறிப்பார்: "டாக்டரம்மா கையில குடுக்காதீங்க, நெத்தியில மட்டும் வெச்சி வுடுங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு சாப்பிட்ட கையைக் கழுவ, அண்ணன் விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீரை மொண்டு ஊற்றுவான். கிணறு இன்னும் நீலம்தான்.