மூக்குப் பட்டை விஷயமாக மைத்துனருக்கு

அன்பு மைத்துனருக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். 'நலம்' என்ற சொல்லுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன குறை?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் புவியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்வதென்றால் ஊற்றிலிருந்து தொடங்கிக் கடலில் சேரும்வரை வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. இந்த ஆற்றின் ஊற்று நீ.

போன மழைக்காலத்தில் அலுவலக வேலையாக வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். மறுநாள் காலை கண்ணெல்லாம் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்து என்ன சொன்னாய்? "அத்தான், அக்கா ரொம்ப சென்சிடிவ். உங்க குறட்டையைப் பாவம் இத்தனை வருஷமா எப்படித்தான் தாங்கிக்கிட்டாளோ" என்றாய். நான் குறட்டை விடுவதில்லை, மூச்சு விடுகிறேன், அது சற்று உரக்க இருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினேன். நீ கேட்கவில்லை. அன்று மாலையே மூக்கின்மேல் ஒட்டிக்கொள்ளும் பட்டை ஒரு பெட்டி வாங்கிவந்து என் கையில் திணித்து, என் படுக்கையைக் கூடத்து சோபாவுக்கு மாற்றி, "அக்கா இனிமே நிம்மதியா தூங்குவா" என்று சொல்லிவிட்டு, நீ நிம்மதியாகத் தூங்கினாய். தூங்காமல் தவித்தது நீ. பழி சுமந்தது உன் அக்காவின் காது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

உன் அக்கா எல்லாவற்றையும் கூடுதலாக உணர்கிறவள் என்பதை நான் மறுக்கவில்லை. உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். புதுத் துணி வாங்கினால் கழுத்தில் தைத்திருக்கும் சீட்டு உறுத்துகிறது என்று முதல் வேலையாக அதைக் கத்தரித்து எடுப்பாள். பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள், இவளுக்குச் சோறு இறங்காது. குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தே அடுப்படியைவிட்டு வெளியே வந்து காத்துக்கொண்டு நிற்பாள், அடித்ததும் திடுக்கிடுவாள். இப்படிப்பட்டவளுக்காகத்தானே என்று நானும் மூக்கில் பட்டையை ஒட்டிக்கொண்டு, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, தியாகி மாதிரி படுத்தேன்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். வகுப்பில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் பென்சிலைக் கீழே போட்டால் யாருக்கும் தெரியாது. அதே பென்சிலைத் தேர்வு நடக்கும்போது போட்டால் அத்தனை தலையும் திரும்பும். நான் கூடத்துக்குப் போனபிறகு உன் அக்கா படுத்திருந்தது தேர்வறையில். குழாய் சொட்டுவது கேட்கிறது என்றாள், துணி சுற்றினேன். கடிகாரம் என்றாள், பேட்டரியைப் பிடுங்கினேன். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்றாள். நிறுத்தினேன், பால் திரிந்தது. கடைசியில், "என்னங்க, இப்ப பக்கத்து வீட்டுக் கடிகாரம் கேக்குதுங்க" என்றாள். அதன் பேட்டரியைப் பிடுங்க எனக்கு அதிகாரமில்லை.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. பகலில் நின்றபடியே கண் சொருகுவாள். பேருந்தில் போனவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கேயிருந்து எனக்குப் போன் செய்து அழுதாள். மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரை ரெண்டாவது சார். இவங்க முதல்ல தூங்கியாகணும்" என்றார். இதை உன்னிடம் சொன்னபோது, இந்த மாதிரி நுண்ணுணர்வு உள்ளவர்களுக்கென்றே இசை சிகிச்சை கொடுக்கும் அம்மையார் ஒருவர் உனக்குத் தெரிந்தவர், மருந்தில்லை, ஊசியில்லை என்று அடுத்த யோசனையை எடுத்து நீட்டினாய். உன் யோசனைகள் பட்டையைப் போலவே பெட்டியாகத்தான் வரும்போலிருக்கிறது.

போனோம். துணிக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. செருப்பை வெளியே விட வேண்டும். கனத்த திரை, மங்கிய விளக்கு, வட்டமாக நாற்காலிகள். சிகிச்சை தருகிற அம்மையார் நல்லவர். என் ஆசிரியர் அறையில் இருந்திருந்தால் தலைமை ஆசிரியராக ஆகியிருப்பார். முதல் நாளே ஒரு விதி சொன்னார்: "இங்க யாரும் யாரையும் திருத்தக் கூடாது." சொல்லும்போது ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. வந்திருந்தவர்களில் தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளுக்கு யாராவது மென்று சாப்பிடும் சத்தம் ஆகாதாம். இன்னொருவர் பல் மருத்துவர். பல்லைத் துளைக்கும் கருவியின் சத்தம் அவருக்கே தாங்காதாம். சாக்பீஸ் ஒத்துக்கொள்ளாத ஆசிரியன் மாதிரி.

அடுத்த வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அவரவர் மனத்துக்கு அமைதி தரும் ஒரு சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். வீட்டுப்பாடம் என்றதும் எனக்குப் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. உன் அக்காவுக்காகப் புல்லாங்குழல் ஒன்று, மழை ஒன்று, ஓடை ஒன்று என்று தேடிச் சேர்த்து, எந்த ஓடை எந்த வகை நிலத்தில் ஓடுகிறது என்பதற்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒவ்வொருவராகப் போட்டார்கள். என்ன சத்தம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கேட்கிறவர்கள் கண்ணை மூடி, மனத்தில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். தையல்கடை அம்மாள் கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் கொண்டுவந்திருந்தார், அழகாகவே இருந்தது. உன் அக்காவின் முறை வந்ததும் என் கைப்பேசியை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. தன்னுடையதை எடுத்து எதையோ அழுத்தினாள்.

அறையில் ஒரு சத்தம் கிளம்பியது. அடியிலிருந்து மெல்ல ஏறி, மேலே போய் ஒரு கணம் நின்று, பிறகு நீளமாக இறங்கியது. மறுபடி ஏறியது. "கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புற மாதிரி இருக்கு" என்றார் பல் மருத்துவர். "தூரத்துல இடி. ஆனா நம்ம பக்கம் வராத இடி" என்றார் தையல்கடை அம்மாள். எனக்கு இந்தக் கற்பனையெல்லாம் பொறுக்கவில்லை. கையை உயர்த்தி, எழுந்து நின்று, இது தண்ணீர் ஏற்றும் பழைய மோட்டார் என்றும், உள்ளே இருக்கும் தோல் வளையம் தேய்ந்து காற்றை இழுக்கிறது என்றும், இப்படிப்பட்ட ஒன்றை எங்கள் பள்ளியில் கவனிக்காமல் விட்டதால்தான் மாடி நீர்த்தொட்டி காய்ந்து கிடந்தது என்றும், இதை ஓடவிட்டவர் யாராயிருந்தாலும் பொறுப்பில்லாதவர், உடனே கழற்றிப் பழுது பார்க்க வேண்டும் என்றும் எடுத்துச் சொன்னேன்.

உன் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "இவர்தாங்க" என்றாள்.

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் என் முகம் இருந்த இருப்பை நீ வந்து பார்த்திருக்க வேண்டும். ஒருவராவது சிரித்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, என் மூச்சோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறட்டை விடுவதில்லை என்று சாதித்த காலத்தில் அத்தாட்சிக்காக அவள் பதிவு செய்து வைத்ததாம். நான் கூடத்துக்குப் போனபிறகு, தினமும் காதில் மாட்டிக்கொண்டு அதைத்தான் கேட்டாளாம். நான் ஏதோ பாட்டு என்று நினைத்திருந்தேன். "அப்புறம் ஏன்மா தூக்கம் வரல?" என்று அம்மையார் கேட்டார். "வரும்ங்க. ஆனா அது சின்னப் பதிவு. முடிஞ்சதும் முழிச்சுக்குவேன். இவருக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு ஓடிப்போய் கூடத்துல பார்ப்பேன். பட்டை போட்டதுல மூச்சு விடுறதே கேக்காது. மூக்குகிட்ட விரலை வச்சுப் பார்த்துட்டு வருவேன்" என்றாள்.

அம்மையார் இதற்கு விளக்கம் வேறு சொன்னார். சீரான சத்தம் பழகிய காதுக்கு வேலி மாதிரியாம். வேலியைப் பிடுங்கினால் சொட்டுக் குழாய்கூட உள்ளே நுழையுமாம். நான் சொன்ன பென்சில் உதாரணம் இதைவிடத் தெளிவு. ஆனால் யாரையும் திருத்தக் கூடாதே, இருந்துவிட்டேன்.

அதோடு விட்டார்களா? அந்தப் பல் மருத்துவர் கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க புவியியல் சார்தானே? உங்க பீரியட்ல தூங்கின தூக்கம் மாதிரி அப்புறம் எனக்கு வாழ்க்கையில வாய்க்கவே இல்ல சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாராட்டுகிறாராம். "எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கம்மா" என்று உன் அக்காவிடம் கேட்க, அவளும் அவருக்கும் அம்மையாருக்கும் தாராளமாக அனுப்பிவிட்டாள். போன வாரம் கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று அவருடைய மருத்துவமனைக்கே போக வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்தால், காத்திருக்கிறவர்கள் பயப்படாமல் இருப்பதற்காக ஒலிபெருக்கியில் நான். வரிசையாக நோயாளிகள் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டிக்கலாமென்று அவர் அறைக்குள் போனேன். அவர் பேசவிடாமல் நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையக் கருவிகளை வைத்துவிட்டு, "ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார்.

தூங்குகிற மனிதனிடமிருந்து அவன் அனுமதியில்லாமல் எடுப்பது எதுவானாலும் அது திருட்டு. தூங்கும்போது சட்டைப்பையில் கைவிட்டால் என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும். ஆகவே, நீதான் அறிமுகப்படுத்தியவன் என்ற முறையில், அந்த அம்மையாரோடும் பல் மருத்துவரோடும் பேசி எல்லாப் பதிவுகளையும் அழிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை நான் படுக்கையறைக்குத் திரும்புவதாக இல்லை. பட்டையோடு கூடத்திலேயே கிடப்பேன். "வந்து உள்ள படுங்களேன்" என்று உன் அக்கா தினமும் கூப்பிடுகிறாள். முகம் வாடித்தான் கிடக்கிறது. இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உனக்குரிய ஆசி, பதிவுகள் அழிக்கப்பட்ட செய்தி வந்ததும் தனியாக அனுப்பப்படும்.

இப்படிக்கு,
மானம் போனாலும் அன்பு போகாத
அத்தான்

பி.கு.: எழுதியதை உரக்கப் படித்துப் பிழை பார்ப்பது என் வழக்கம். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு நானும் கேக்கிறேன்" என்று உன் அக்கா சண்டைக்குத் தயாராகச் சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பால் திரிந்த இடம்வரைதான் கேட்டாள். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நிறுத்தினால் விழித்துக்கொள்வாளோ என்று முடித்த கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன், பிறகு இன்னொரு தடவை. மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம், இப்போது வெயில் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. வலது தோளில் அவள் தலை இருப்பதால்தான் இந்த எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. ஆகவே மேலே சொன்ன எதையும் நீ செய்ய வேண்டாம். முக்கியமாக எனக்குப் போன் செய்துவிடாதே, மணி அடிக்கும். பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டேன். மீதிப் பெட்டியை உனக்கே அனுப்பிவைக்கிறேன்.

இன்னொன்று. உன் அக்கா குறட்டை விடுகிறாள். என்றைக்கும் நான்தான் முதலில் தூங்கிவிடுவேன் என்பதால் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. மெல்லியது, தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பாத்திரத்தில் ஒரு சத்தம் வருமே, அது. எழுந்ததும் இல்லவே இல்லை என்று சாதிப்பாள். அதனால் அத்தாட்சிக்காக இடது கையில் கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். பேனா உரசுவதும் அதில் விழுகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.