மைத்துனனின் இடுப்புவலி

"மாமா, ஒரு வலி மாத்திரை இருந்தாக் குடுங்களேன். இடுப்பு கழண்டு விழுந்துடும் போல இருக்கு" என்று மைத்துனன் கேட்டதும் கோடவுன்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மாத்திரையா? அடப்பாவி! அது உன் இடுப்பு இல்ல மாப்ளே. அதுக்குள்ள இருக்கறது என் கிட்னி!"

மனிதர் சும்மா கத்தவில்லை. கண்ணாடிச் சாமான் கோடவுனில் பெட்டி தூக்கித் தூக்கி வீணாய்ப்போன முதுகுக்கு, வருஷக்கணக்கில் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்று, இரண்டு சிறுநீரகத்தையும் ஒழித்துக்கட்டியவர் அவர்.

"நல்ல உடம்புன்னா இந்த மருந்து வந்த வேலையை முடிச்சிட்டுக் கிளம்பிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்க கிட்னியால அதைச் சரியா வெளிய அனுப்ப முடியாது. போகாத விருந்தாளி மாதிரி உள்ளயே தங்கிடும். தங்கினா சும்மா இருக்குமா? கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைச்சு, இருக்கற மிச்சத்தையும் முடிச்சிடும். இனிமே தொடவே தொடாதீங்க."

தொடவில்லை. ஆனாலும் மிச்சம் முடிந்துகொண்டுதான் இருந்தது. கால் வீங்கிச் செருப்பு நுழைய மறுத்தது. வேறு ஆள் கிட்னி பொருத்தினால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னோடதை எடுத்துக்கோங்க" என்றாள் மனைவி.

"உன்னை அறுத்துப் போட்டுட்டு நான் எழுந்து நடக்கணுமா? அதுக்கு நான் செத்தே போறேன்!" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அப்புறம்தான் அவள் தம்பி முன்வந்தான். பரிசோதனைக்கெல்லாம் துணைக்கு அக்காவே போய்வந்தாள். பொருத்தம் பிரமாதமாம். கோடவுன்காரர் அவனை வீட்டோடு வைத்துக்கொண்டார். இவனும் கைவிட்டால் வேறு ஆளில்லை, நேரே சுடுகாடுதான் என்பது அவருக்குத் தெரியும்.

"மெத்தை குழிஞ்சு கிடக்கு. அதான் இடுப்பு வலிக்குது. மாடியில இருக்கற இரும்புக் கட்டிலை இறக்கிடுவோம். ஏய், அந்தப் பக்கம் பிடி!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் பிடிக்கறேனே" என்று எழுந்தான் மைத்துனன்.

"அசைஞ்சே, தெரியும் சேதி!"

பாதிப் படியில் அவள் முதுகில் 'மளுக்'கென்றது. கட்டில் மட்டும் பத்திரமாக இறங்கியது.

போயும் போயும் இப்போதா அவள் முதுகு பிடித்துக்கொள்ள வேண்டும்? மைத்துனனுக்கு யார் சமைப்பது? கடைச் சாப்பாட்டில் உப்பு அள்ளிக் கொட்டியிருப்பார்கள். இவரே அடுப்பைப் பற்றவைத்தார், பாத்திரம் தீய்ந்தது. அவள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து அதையும் தேய்த்தாள். வலி இரட்டிப்பானது.

அவர் தன் பழைய மாத்திரையைத் தேடி எடுத்தார். "இந்தா, போடு. எனக்குத்தான் இது விஷம். உன் கிட்னி கல்லு மாதிரி இருக்கே."

"வேண்டாம்."

"ஏன், உனக்கென்ன கேடு?"

"வேண்டாம்னா விடுங்களேன். பொறுத்துக்கறேன்."

"அக்கா சொல்லுதுல்ல, விடுங்க மாமா" என்றான் மைத்துனன் பதறி.

"நீ பேசாமத் தண்ணியைக் குடி!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிவதை அவரால் பார்க்க முடியவில்லை. இவளும் படுத்தால் குடும்பம் என்னாவது? பிடிவாதக்காரியிடம் பேசி ஆகப்போவதில்லை என்று முடிவுகட்டி, மாத்திரையைப் பொடித்து அவள் தேநீரில் கலந்துவிட்டார்.

மத்தியானம் அவள் நிமிர்ந்து நடந்தாள். "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே சரியாயிடுச்சு!" என்று சிரித்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வலி திரும்பக்கூடாதே என்று தினமும் கலந்தார். காலையில் ஒன்று போதுமா என்ற சந்தேகத்தில் சாயங்காலமும் கலந்தார். அவள் முகம் கொஞ்சம் உப்பியபோது, உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்பட்டார்.

கடைசிப் பரிசோதனை வந்தது.

"நீ வீட்டுல படு. நானே அவனைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"ஐயையோ, நான் வந்தே ஆகணும்!" என்று அவள் குளிக்க ஓடினாள். முதுகுவலிக்காரியை எதற்கு அலைக்கழிப்பது? அவள் வருவதற்குள் மைத்துனனை வாடகைக் காரில் தள்ளி ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அவன், "மாமா, ஒரு விஷயம்..." என்று இழுத்துக்கொண்டே வந்தான்.

"அங்க வந்து பேசு. இப்பத் தெம்பை வீணாக்காதே."

ஆஸ்பத்திரியில் மைத்துனனின் முழங்கையைப் பிடித்தபடியே நர்ஸ் முன்னால் போய் நின்றார். "கொண்டாந்துட்டேம்மா. ஒரு மாத்திரைகூட இவன் வாயில படாமப் பாத்துக்கிட்டேன்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவர் கிட்னி பொருந்தலைன்னு அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டோமே சார், குடுக்கப்போறது உங்க வீட்டம்மாதானே, அவங்க வலி மாத்திரை எதுவும் போடலையே?"