எனக்கு வருதேக்கா!

அடுத்தவர் அழுதால் கூடவே அழுகிறவர்கள் உண்டு. ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. நைசாக நழுவுகிறவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் இருக்கிறது வாசகரே! நீங்கள் தேம்பித் தேம்பி அழும்போது, "எனக்குக் கண்ணீர் வரலையே?" என்று ஆச்சரியப்படும் இனம். அதன் திலகங்களில் ஒருவரை ஆபீஸ் நெட்வொர்க் அறையில், ஏசிக்கு நேர் எதிரே பார்க்கலாம்.

ஆபீஸ் இன்டர்நெட்டின் வாசலில் ப்ராக்ஸி என்றொரு காவல்காரனை நிறுத்தியவர் இவர்தான். பாஸ்வேர்டு சொன்னால்தான் உள்ளே விடுவான். சாதாரணத் தளம் என்றால் ஒரே தடவை கேட்பான். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான தளமோ, போச்சு! சொல்லச் சொல்லக் கேட்பான், ஞாபகம் இழந்த கணவன் கட்டிய மனைவியையே "யாரும்மா நீ?" என்று கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அன்று கணக்குப் பிரிவு அக்கா ஓடி வந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள், பூட்டுப் படம் போட்ட கல்லூரித் தளத்தில் 'சம்மதம்' என்ற பட்டனை அமுக்காவிட்டால் அந்த இடம் வேறு யார் மகளுக்கோ போய்விடும். மகள் பரீட்சை ஹாலில். அக்காவின் செல்போனோ, ஆபீஸ் விட்டால் மட்டுமே திறக்கும் லாக்கரில். பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

"சார், பாஸ்வேர்டு போட்டா மறுபடி மறுபடி கேக்குது சார்!"

நம்மவர் எழவில்லை. எழுந்தால் அந்த இனமா? தன் கம்ப்யூட்டரில் அதே தளத்தைத் தட்டினார். திறந்தது.

"எனக்கு வருதேக்கா."

"எனக்கு வரலையே சார்!"

"கேப்ஸ் லாக் பாருங்க."

ஓடினார், பார்த்தார், திரும்பினார்.

"ஆஃப்லதான் இருக்கு சார்."

"ரீஸ்டார்ட்?"

மறுபடி ஓட்டம். கடிகார முள் ஐந்தைத் தொடப் போகிறது. அக்கா கண்கலங்கி வந்து நின்றார்.

"இங்க பாருங்க, எனக்கு எவ்ளோ ஜோரா வருது!"

அக்கா பார்த்தார். "உங்ககிட்ட அது பாஸ்வேர்டே கேக்கலையே?"

"நம்ம மெஷினுக்கு ப்ராக்ஸி போடலைக்கா. போட்டா எதுவும் ஓப்பன் ஆகாது."

அக்காவின் பொறுமை அதுவரைதான் வாசகரே!

"எந்திரி தம்பி!"

எழுந்தார். அக்கா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். இடம் உறுதி! அக்காவுக்கு ஆனந்தக் கண்ணீர் ஆறாகப் பெருகியது. நம்மவர் குனிந்து, கம்ப்யூட்டரின் புகார்ப் பட்டியலில் அக்காவின் புகாருக்கு எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று தட்டினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று உங்கள் வீட்டில் "இந்தப் பக்கம் காத்தே வரலைங்க" என்று ஒரு குரல் கேட்டபோது, ஃபேனுக்கு நேர் கீழே கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தது யார்?