அன்னாசி லோரிக்குப் பால் காய்ச்சிய கதை

சகலை இல்லாத இடத்தில் நான்கு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வருவது என்று நான் சபதம் செய்தேன். சாப்பாட்டுக்கு முன் செய்த சபதம். பசியோடு செய்கிற சபதத்துக்கு வலு அதிகம்.

என் சகலை ஐயாசாமி சிம்பாங் ரெங்கத்தில் பஸ் ஓட்டுகிறவர். என் மனைவி தனலெட்சுமியின் அக்காள் வெள்ளையம்மாளைக் கட்டியவர். போன தீபாவளிக்கு "ரெண்டே நாள்" என்று வந்தார். பத்தொன்பது நாள் இருந்தார். என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். என் வேட்டியைக் கட்டிக்கொண்டார். அவர் விட்ட குறட்டையில் கூரைத் தகரத்தின் துரு உதிர்ந்து என் மூக்கில் விழுந்தது. பிள்ளைகள் ஆறு. ஆறும் அப்பனையே உரித்து வைத்தவை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவர் என்ன சொன்னாலும் தனலெட்சுமி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் சொன்னால், "சரி, போய் வெறகு எடுத்துட்டு வாங்க" என்கிறாள். பொறாமைதான். மறைப்பானேன்?

நான் லாபிஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. முதல் கிராணி கையெழுத்துப் போடுவார், இரண்டாம் கிராணி திட்டு வாங்குவார். திட்டுகிற எங்கள் துரை, லீவு வந்தால் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு மெர்சிங் கடற்கரைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது வெந்த இறால் மாதிரி சிவந்திருப்பார். ஆனால் இரண்டு நாளைக்கு யாரையும் திட்ட மாட்டார். துரைக்குக் கேட்கிற மருந்து கிராணிக்குக் கேட்காதா?

ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த பழைய குட்டி லோரியை வாங்கினேன். ஓட்டவும் கற்றுக்கொண்டேன். இரண்டு வாழை மரமும் ஒரு வேலியும்தான் சேதம்.

என் திட்டம் எளிது. பெரிய வெள்ளிக்கு நான்கு நாள் லீவு. லோரியின் பின்பக்கத்தில் நான்கு கட்டில். ஓரத்தில் அடுப்புப் பெட்டி. மிச்ச இடமெல்லாம் அலமாரி. அத்தனையையும் ஆணி அடித்து இறுக்கிவிடுவது. நான், தனலெட்சுமி, எங்கள் இரண்டு பிள்ளைகள். ஐந்தாவதாக ஒரு ஆள் ஏறினால் நிற்கக்கூட இடம் இருக்கக் கூடாது.

"ஏங்க, அக்கா வீட்டாளுங்களும் வந்தா நல்லாருக்கும்ல?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"வரட்டுமே! நானா வேணாங்கிறேன்? எடம் எங்க இருக்கு? நீயே அளந்து பாரு."

நூலை எடுத்துவந்து அளந்தாள். "எடம் இல்லதான்."

முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகாமல், போட்ட பூட்டின் மேல் இன்னொரு பூட்டையும் போட்டேன்.

"அதோட எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு. புது வண்டியில மொதப் பயணம் ஒரே ஒலையில பொங்கிச் சாப்பிடுறவங்க மட்டுந்தான் போவணும். வேற ஆளு ஏறினா அச்சு முறியும்."

எங்கள் ஊரில் வண்டி வைத்திருந்தவனே ஒருத்தன்தான். அவனும் வாடகைக்கு விட்டான். ஆனால் இந்தச் சீமையில் ஒரு சௌகரியம் உண்டு. ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். விசாரித்துக் கடுதாசி போட்டால், கப்பலில் போய்ப் பதில் வர ஒன்றரை மாதம். ஆளுக்கொரு ஊர், ஊருக்கொரு வழக்கம். யாரும் யாரையும் பொய் என்று சொல்ல முடியாது. இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே தனலெட்சுமிதான். அவள் ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை புருஷன்தான் பாத்திரம் விளக்க வேண்டும். அந்த ஊர்க்காரி ஜொகூரில் இன்னொருத்திதான் இருக்கிறாள். வெள்ளையம்மாள். கேட்டேன். "ஆமா தம்பி, வெள்ளிக்கிழமையுந்தான்" என்றாள்.

"வழக்கத்த மீறலாமாங்க? தப்புல்ல?" என்றாள் தனலெட்சுமி. பொய்யைப் பொய்யால் வென்றேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

தச்சன் ஆ ஹோக் வேலையை ஆரம்பித்தான். தனலெட்சுமி தினமும் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காப்பியோடு ஒரு யோசனையும் வரும்.

"ஏங்க, கட்டில ஆணி அடிச்சிட்டா அடியில எப்படிக் கூட்டுறது? கீல் வச்சா மடக்கிட்டுக் கூட்டலாம்ல?"

சுத்தம் சோறு போடும். "ஆ ஹோக், போலே?" என்றேன், முடியுமா என்ற அர்த்தத்தில்.

"போலே, போலே."

"அலமாரியக் கழட்டுற மாதிரி வச்சா வெயில்ல காயப் போடலாம். அன்னாசி வாடை போவும்."

"போலே."

"அடுப்புப் பெட்டி பெருசா இருக்கட்டுங்க. சின்னப் பானையில சோறு கொழஞ்சிடுது."

எல்லாம் போலே. என் மனைவி என் காரியம் ஒன்றில் இவ்வளவு ஆசையாக மூக்கை நுழைத்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான் உருகிப்போனேன்.

கான்வாஸ் கூரை போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை கட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டவனிடமெல்லாம், "இது லோரி இல்லப்பா, வீடு! வீடு!" என்று பீற்றிக்கொண்டேன். பேச்சு தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பரவிப் பக்கத்து வீட்டு ராஜம்மா வழியாக என்னிடமே திரும்பி வந்தது.

"அண்ணே, நீங்க சின்ன வீடு வச்சிருக்கீங்களாமே?"

"அலமாக்! அது லோரிம்மா, லோரி!"

"பேரு லோரியா? வெள்ளக்காரி மாதிரில்ல இருக்கு!"

வீட்டுக்குள் இருந்து தனலெட்சுமி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏங்க, வீடுன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. அப்ப பால் காய்ச்ச வேணாமா?"

"லோரிக்கா?"

"அடுப்பு இருக்கு. கட்டில் இருக்கு. ஜன்னல்ல தெர தொங்குது. நம்ம குவாட்டர்ஸ்ல தெர இருக்கா? இதுக்கு மேல வீட்டுக்கு என்ன வேணும்?"

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? "சரி, காய்ச்சிடு" என்றேன்.

"பொறந்த வீட்டுச் சீர் வந்தாத்தாங்க காய்ச்சணும். அம்மா அப்பா ஊர்ல இருக்காங்க. இங்க எனக்கு இருக்கிறது அக்கா ஒருத்திதான்."

"வருவாங்க, பால் குடிப்பாங்க, அடுத்த ரயில்ல போயிடுவாங்க. அதானே?"

"மொதப் பயணத்துக்கு வேற ஆள் ஏறக்கூடாதே! எனக்குத் தெரியாதா?"

பெரிய வெள்ளியன்று காலை ரயிலில் எட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். சீர்: ஒரு பித்தளைப் பானை, ஒரு தார் வாழைப்பழம், ஆறு பிள்ளைகள். சகலை நேராக லோரிக்குப் போனார். டிரைவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினார். எனக்கு மூன்று மாதமாக முக்கிக்கொண்டிருந்த ஹாரன், அவருக்குச் சங்கு மாதிரி ஊதியது.

லயமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. லோரிக்குள் கிழக்குப் பார்த்துப் பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். தனலெட்சுமி எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் நீட்டினாள்.

"குடிங்க."

என் கண்ணெல்லாம் ஹாரன் மேல் இருந்தது. "வேணாம்."

"சாங்கியங்க. ஒரு வாய் குடிங்க."

"வேணாங்கிறேன்ல!"

"எல்லாரும் பாத்துக்கங்க, மூணாவது தடவையா கேக்குறேன். குடிக்கிறீங்களா, இல்லையா?"

"ஒன் அத்தானுக்கே குடு!" என்று முறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். தொப்பியையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ரயில் எப்போது என்று சகலையிடம் சொல்லிவிடலாம் என வெளியே வந்தேன்.

என் அலமாரிகள் வீட்டு முன் ஐந்தாங்கால் திண்ணையில் வரிசையாக நின்றன. லோரிக்குள் கட்டில்கள் மடங்கி இரண்டு பக்கமும் பெஞ்சியாகியிருந்தன. தனலெட்சுமி, வெள்ளையம்மாள், எட்டுப் பிள்ளைகள், எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அடுப்புப் பெட்டியில் பெரிய பானை ஏறியிருந்தது. சகலை டிரைவர் இடத்தில் இருக்க, இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னடி இது? மொதப் பயணம் ஒரே ஒலையில..."

"ஆமாங்க. இப்பத்தான எல்லாரும் ஒரே பானைப் பாலக் குடிச்சோம். ஒரே ஒலைதான?"

தூண்டிலை உள்ளே நீட்டினேன். "சரி, சரி. தள்ளி உக்காரு, நான் ஏறணும்."

யாரும் தள்ளவில்லை. தனலெட்சுமி உண்மையிலேயே வருத்தப்படுகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் குடிக்கலையே."

"பானையில மிச்சம் இருக்குமே?"

"கடைசிச் சொட்ட எங்க சின்னவன் நக்கிட்டான்" என்றாள் வெள்ளையம்மாள். "அச்சு முறிஞ்சா பதினோரு உசுரு தம்பி."

"அட, அந்த வழக்கம் நான் சும்மா..." என்று ஆரம்பித்துச் சுற்றிப் பார்த்தேன். முதல் கிராணி நின்றார். கங்காணி நின்றார். ராஜம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சொன்னால் தோட்டம் முழுக்க நான் பொய்யன். சொல்லாவிட்டால் கடல் இல்லை. விழுங்கினேன். சும்மாவை மென்று விழுங்கிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"சும்மா என்னங்க?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

"சும்மா... சும்மா மீற முடியாதுன்னு சொன்னேன்."

"வீட்டப் பாத்துக்கங்க. கோழிக்குத் தீனி போடுங்க." லோரி கிளம்பியது. எட்டுப் பிள்ளைகளும் எனக்குக் கையாட்டின. அதில் என்னுடையவை இரண்டும்தான் அதிகமாக ஆட்டின.

அந்த நான்கு நாளும் என் சாய்வு நாற்காலியில் நான் மட்டுமே உட்கார்ந்தேன். என் வேட்டியைத் தேடினேன், அது மெர்சிங் போயிருந்தது. குறட்டை இல்லை. கூச்சல் இல்லை. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அழுகையாக வந்தது. ராஜம்மா கொடுத்த ரசத்தைக் குடித்துக்கொண்டு கோழிகளோடு பேசினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் லோரி வந்து நின்றது. எல்லாரும் கறுத்து, உப்புப் பூத்து, சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டி இறங்கினார்கள். தனலெட்சுமி எனக்காக ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்திருந்தாள். சகலை என் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, என் லோரியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என் தோளில் கையைப் போட்டார்.

"சகல, ரொம்ப வசதியான வீடு. ஒரு நாளைக்கு நீங்களும் வந்து தங்கிட்டுப் போவணும்."